ஜெல்லி மீன் பாலிப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எப்படி? அக்வேரியத்துக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு

கலிஃபோர்னியாவில் ஒரு அக்வேரியத்தில் ஞாயிறுதோறும் தன்னார்வலராகப் போகிறேன். என் வேலை பின்கட்டில், நிலா ஜெல்லியின் பாலிப் வளரும் கண்ணாடிக் கிண்ணங்களோடு. நம் கடற்கரையில் சொறி என்பார்களே, அந்த வகைதான். பாலிப் என்பது, ஜெல்லி நீந்தத் தொடங்குவதற்கு முன் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் பருவம். முதல் மூன்று வாரம் என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

படி 1: சன்ஸ்கிரீன், கிரீம் பூசிய கையோடு போகாதீர்கள். சோப்புப் பிசுக்கு போகும்வரை கையை அலசுங்கள்.

படி 2: கிண்ணத்தை அலுங்காமல் எடுத்து வையுங்கள். பாலிப் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதிர்ந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும்.

படி 3: வெளிச்சம். நான் தடுமாறியது இங்கேதான். மேலிருந்து விளக்கடித்தால் தண்ணீர்தான் பளபளக்கும். பாலிப்பின் உடம்பு கண்ணாடி மாதிரி, ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடும். கிண்ணத்துக்கு அடியில் கறுப்புத் துணி விரியுங்கள். விளக்கைப் பக்கவாட்டில், கிண்ணத்தின் உயரத்துக்கே தாழ்த்துங்கள். இருட்டில் வெள்ளைப் பூ விரிந்த மாதிரி கைகள் தெரியும்; எண்ணிப் பாருங்கள், வளர்ந்ததில் பெரும்பாலும் பதினாறு இருக்கும். எல்இடி விளக்குதான் நல்லது. ஹாலஜன் தண்ணீரைச் சூடாக்கிவிடும், நான் தொடவே மாட்டேன். பத்து மடங்கு, இருபது மடங்கு காட்டும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் தாராளம்.

படி 4: ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலின் குஞ்சுகளைப் பிப்பெட்டில் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு குஞ்சு கையில் ஒட்டியதும் அந்தக் கை மெல்ல வாய்ப்பக்கம் வளையும். கொஞ்ச நேரத்தில் வயிறு ஆரஞ்சு நிறமாகிவிடும். மீந்ததை உறிஞ்சி எடுத்துத் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிண்ணத்தின் பிப்பெட்டை இன்னொன்றில் விடவே கூடாது. பாலிப் மாதிரியே ஒட்டி வளரும் வேண்டாத வேறோர் உயிரான ஹைட்ராய்டு தொற்றிக்கொள்ளும்.

படி 5: தண்ணீரைக் குளிர்வித்த பிறகு வாராவாரம் தவறாமல் பாருங்கள். பாலிப் நீண்டு, இட்லித் தட்டு அடுக்கு மாதிரி வரிவரியாகப் பிரியும். 1829-ல் நார்வேயின் இயற்கையியலாளர் மைக்கேல் சார்ஸ் இதைத் தனி உயிரினம் என்று எண்ணி ஸ்ட்ரோபைலா என்று பெயரிட்டார். இது ஜெல்லியின் ஒரு பருவம் என்று பிற்பாடு கண்டறிந்தவரும் அவரே. மேல்தட்டு கழல்வதற்கு முன்பே துடிக்கத் தொடங்கும். கழன்றதும் எட்டு இதழோடு நீந்தும் குட்டி ஜெல்லி, அதுதான் எஃபைரா. அதை முதன்முதலில் பார்த்த அன்று ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லை.

பின்சேர்க்கை: பாலிப் எல்லாம் உருண்டையாகவே இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பதினைந்து நிமிடம் கிண்ணத்தைத் தொடாமல் விடுங்கள். பிறகும் விரியாவிட்டால் தண்ணீரின் உப்பளவையும் வெப்பநிலையையும் பொறுப்பாளரிடம் சொல்லிச் சரிபாருங்கள்.