விடுதிக்குப் போகும் பிள்ளைகள் நண்பர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் பாளையங்கோட்டை சபையின் வாலிபர் கூட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சிலர் கல்லூரி விடுதிக்குப் புறப்படுகிறார்கள். அவர்களை நான் முதலில் வாசிக்கச் சொல்வது வேதாகமத்திலுள்ள சாமுவேலின் புத்தகங்களைத்தான்.

தாவீது ராஜாவின் மகன் அம்னோன், தன் மாற்றாந்தாயின் மகள் தாமார்மேல் கொண்ட இச்சையால் நாளுக்கு நாள் மெலிவதை அவன் சிநேகிதன் யோனதாப் கவனித்தான், காரணம் கேட்டான், பிறகு, நோயாளிபோலப் படுத்துத் தாமாரை வரவழைக்கும் தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தான் (2 சாமுவேல் 13). சவுல் ராஜாவின் மகன் யோனத்தானோ, சவுலுக்குத் தப்பிக் காட்டில் இருந்த தாவீதைத் தேடிப்போய், தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தினான் (1 சாமுவேல் 23:16). இருவருமே நண்பனின் வாட்டத்தைக் கவனித்தவர்கள். ஆகவே பாசத்தை மட்டும் வைத்து அளக்காதீர்கள். உங்கள் பலவீனம் தெரிந்தபின் அந்த நண்பர் என்ன யோசனை சொல்கிறார்? பொய்க் கையெழுத்துப் போடச் சொல்கிறாரா, ஆசிரியரிடம் உண்மையைச் சொல்ல உடன் வருகிறாரா?

கிறிஸ்தவப் பெயர் மட்டும் போதாது. யோனதாப் தாவீதின் சொந்த அண்ணன் மகன். பிற மதத்து அறைத்தோழரை ஒதுக்கவும் வேண்டாம். ஊரார் ஒதுக்கிய வரி வசூலிப்பவர்களான ஆயக்காரரோடு இயேசு பந்தியிருந்தாரே!

கைப்பேசியில் பார்ப்பவை பொறாமையையோ இச்சையையோ கிளப்பினால், அந்தப் பக்கங்களைப் பின்தொடர்வதை அன்றே நிறுத்துங்கள்.

முதல் ஞாயிறே அருகிலுள்ள ஆலயத்துக்குப் போங்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் நின்று, ஆயரிடம் உங்கள் பெயரையும் விடுதியையும் சொல்லுங்கள். உங்களைக் கண்டிக்கத் துணிவுள்ள ஓர் அக்காவோ அண்ணனோ அங்கே கிடைத்தால், அவரிடம் கேட்டு அவருடைய எண்ணை வீட்டாருக்கும் கொடுத்துவையுங்கள்.