பழைய பாணி பேஸ்பால் அட்டைப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது…

பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனம் டாப்ஸ். தன் பழைய வடிவங்களை மறுபடி கொண்டுவரும் அதன் ‘ஹெரிடேஜ்’ வரிசை அட்டைகள் 2001-இல் 1952-ஆம் ஆண்டு வடிவத்தோடு வந்தன. அதிலிருந்து ஆண்டுதோறும் 49 வருடம் முந்தைய வடிவம்தான். 2020 வரிசைக்கு 1971-இன் கறுப்பு ஓரம் வந்தது. அழகோ அழகு! ஆனால் நகம் பட்டாலே முனையில் வெள்ளைப் புள்ளி தெரிந்துவிடும்.

அதனால் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். பாக்கெட்டின் மேல் மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே அட்டையின் முனை மடங்கும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் நடுத்தையலை மெதுவாகப் பிரித்தால் போதும். அட்டைகளை மொத்தமாக எடுத்து, ஓரங்களை மட்டும் பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சீட்டுக்கட்டு மாதிரி விசிறவே கூடாது.

அப்புறம், பலரும் தவறவிடுவது பின்பக்கம். கீழே பொடி எழுத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். சாதாரண அட்டைகளில் அதன் கடைசி இலக்கங்கள் ஒன்றாகவே இருக்கும். ஏதாவது ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் அது பெரும்பாலும் அரிய மாற்று வடிவம். முன்பக்கம் படமோ நிறமோ லேசாகத்தான் வேறுபடும், கண்ணை ஏமாற்றிவிடும். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் இன்னொரு அட்டையை வைத்து ஒப்பிடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

சரி, பிடித்த அட்டையை முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு கெட்டி உறைக்குள் வையுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டவே வேண்டாம், ஓரத்தை அரித்துத் தழும்பாக்கிவிடும்.