கிட்னி நோட்டு போடுவது எப்படி

டெல்டாப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். புதிதாக யார் வந்தாலும் பழைய ரிப்போர்ட்டைத்தான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரு மஞ்சப்பை வரும். உள்ளே லேப் கவர், மருந்துக்கடை பில், ஜோசியர் சீட்டு எல்லாம் கலந்து கிடக்கும். சில தாளில் எழுத்தே இருக்காது. சின்ன லேப்களில் வருகிற மெஷின் பிரிண்ட் வெயில் பட்டால் வெளுத்துவிடும். அதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கிட்னி விவரம் எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த வருடம், ரத்த வகை, சர்க்கரையும் பிரஷரும் எந்த வருடத்திலிருந்து இருக்கின்றன, இவ்வளவு போதும்.

அடுத்த பக்கம்தான் முக்கியம். தேதி, லேப் பெயர், கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் அல்புமின், பிரஷர் என்று கட்டம் போடுங்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. இ.ஜி.எஃப்.ஆர். என்பது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு, குறைந்தால் மோசம். அல்புமின் ஒரு புரதம், சிறுநீரில் கசியக் கூடாது. கிரியேட்டினினை மட்டும் பார்த்து "1.4 தானே, பரவாயில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். 25 வயதுப் பையனுக்கு 1.4 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். 71 பக்கம் வரும். அதே 1.4 ஒரு 68 வயது அம்மாவுக்கு வந்தால் 41தான். மூன்று மாதத்துக்கு மேலும் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லாவிட்டால் டாக்டரிடம் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் போதும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும், வீணாகப் பயப்பட வேண்டியிருக்கும்.

சிறுநீர் அல்புமின் டெஸ்டைப் பலரும் எழுதித் தருவதில்லை. நீங்களே கேளுங்கள். பலருக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இது காட்டிக்கொடுக்கும்.

வலி மாத்திரைக்குத் தனிப் பக்கம். நடவு முடிந்து வந்து இடுப்பு வலிக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்வது எங்கள் பக்கம் சாதாரணம். அந்த ஊசி அநேகமாக டைக்ளோஃபெனாக், கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மருந்து. மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையை நோட்டில் ஒட்டுங்கள். பஸ்பம், லேகியம் சாப்பிட்டாலும் மறைக்காமல் எழுதுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். சரி, நான் கொஞ்சம் திட்டுவேன்.

இனி கை. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே வந்ததும், வலது கைப் பழக்கமுள்ளவர் என்றால் நோட்டின் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் "இடது கையில் ஊசி போடாதீர்கள்" என்று எழுதுங்கள். முழங்கைக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய் நாளைக்கு ஃபிஸ்டுலாவுக்கு வேண்டும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துச் செய்கிற இணைப்புதான் ஃபிஸ்டுலா. ஆபரேஷன் செய்தபின் அது தடித்துத் தயாராக ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். மூச்சு வாங்கி, கால் வீங்கி, நள்ளிரவில் வருகிறவருக்கு அந்த அவகாசம் ஏது? கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ். குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் போய்க் குளிர்காய்ச்சலோடு திரும்பி வருவார்கள். ஃபிஸ்டுலா இருந்தால் தினம் காலையில் விரலை வைத்துப் பாருங்கள், பூனை வயிற்றைத் தொட்டதுபோல் கிர்ரென்று அதிரும். அதிர்வு நின்றிருந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும், டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியையும் இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுங்கள். தேதிகள் நோட்டில் இருக்கட்டும்.

கடைசியில் ஒரு பக்கம் உங்கள் வேலைக்கு. எந்த வயதிலிருந்து வயல் வேலை, எத்தனை மணி நேரம் வெயில், என்ன மருந்து அடித்தீர்கள், குடித்தது கிணற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா? சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் கெடுகிற நோய் ஆந்திராவின் உத்தானம் பகுதியில் இருக்கிறது, இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் இருக்கிறது, மத்திய அமெரிக்காவில் நிகரகுவா நாட்டின் கரும்புக் காடுகளில் இருக்கிறது. வெயிலா, தண்ணீரா, பூச்சிமருந்தா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் இதைத்தான் துருவிக் கேட்பார்கள், 60 வயதில் யாருக்கு ஞாபகம் வரும்?

அப்படி யாராவது ரத்தம் கேட்டு வந்தால் தமிழில் விவரத் தாள் கேளுங்கள். ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, நடுவில் விலகினால் சிகிச்சை பாதிக்குமா, என் முடிவை எனக்குத் தருவீர்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊரில் நாலைந்து பேரிடம் இந்த நோட்டு இருந்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். "டயாலிசிஸ் சென்டர் வேண்டும்" என்று மொட்டையாக மனு எழுத வேண்டாம். எத்தனை பேர், வாரம் எத்தனை தடவை, எத்தனை கிலோமீட்டர், நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வந்தால் திரும்ப எந்த பஸ் இருக்கிறது என்று அட்டவணையாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்புமின் டெஸ்ட் வேண்டும் என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் பக்கம் ஆணியில் மாட்டுங்கள். பீரோவில் பூட்டி வைத்தால் 108 வந்து நிற்கும்போது சாவி தேட வேண்டியிருக்கும்.