தாமஸ் கோல்: கடல் கடந்து வந்த நிலக்காட்சி ஓவியரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஓவியர் ஒருவரைப் பற்றிக் கட்டுரையோ சிறுநூலோ எழுத விரும்புகிறவர்களுக்குத் தாமஸ் கோலைப் பரிந்துரைப்பேன். அவர் வாழ்ந்தது 47 ஆண்டுகளே. ஆனால் கடிதங்கள், நாட்குறிப்புகள், கவிதைகள், கட்டுரைகள், கோட்டோவியக் குறிப்பேடுகள் என்று ஏராளமாக விட்டுச்சென்றிருக்கிறார். அவருடைய முக்கியமான ஓவியங்களில் பல பொது அருங்காட்சியகங்களில் இருப்பதால், நல்ல தரத்தில் எடுக்கப்பட்ட படங்களை வீட்டிலிருந்தபடியே பார்க்க முடியும். இத்தனை வசதி இருந்தும், அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ‘ஹட்சன் ஆற்று ஓவியப் பள்ளியின் தந்தை’ என்ற பட்டத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. பள்ளி என்றால் இங்கே கல்விக்கூடம் அல்ல, அமெரிக்க நிலக்காட்சி ஓவியர்களின் ஒரு மரபு. அந்தப் பள்ளிக்கு அப்படியொரு பெயர் வழங்கத் தொடங்கியது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். பட்டத்திலிருந்து தொடங்குகிறவர் கண்ணுக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பது படாமலே போய்விடும். கோலின் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும், இயற்கை அழிவதைப் பற்றிய கவலையின் வேர் அவர் பிறந்த ஊரில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லியிருக்கும் வழிமுறை முழுவதும் அந்தக் கருத்தின்மேல் அமைந்தது.

தொடக்கம் அவர் தீட்டிய கேட்ஸ்கில் மலை அல்ல, பிறந்த போல்ட்டன்

கோல் 1801 பிப்ரவரி 1ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள போல்ட்டனில் பிறந்தார். பஞ்சாலைகளால் வேகமாக மாறிக்கொண்டிருந்த ஊர் அது. அவருக்குப் பதினொரு வயதானபோது, 1812இல், போல்ட்டனுக்கு அருகிலுள்ள வெஸ்ட்ஹவுட்டனில் விசைத்தறி ஆலை ஒன்றை எந்திர எதிர்ப்பாளர்கள் தீக்கிரையாக்கினர். அதற்காக நால்வர் தூக்கிலிடப்பட்டனர். இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவை. சிறுவன் கோல் அந்தத் தீயைப் பார்த்தான் என்று எழுத நமக்கு ஆதாரம் இல்லை. அப்படி நடந்த வட்டாரத்தில், அப்படிப்பட்ட காலத்தில் வளர்ந்தார் என்று எழுதினால் போதும், அதுவே கனமான செய்திதான்.

பதின்ம வயதில் அவர் சோர்லியில் துணி அச்சிடும் ஆலைக்காக உருவங்கள் செதுக்கும் வேலையைக் கற்றார், பின்னர் லிவர்பூலில் செதுக்கு வேலை செய்தார். (சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணத் துணிகளைப் பார்த்து, அவற்றைப் போலச் செய்யப் புகுந்து வளர்ந்ததே ஐரோப்பியத் துணி அச்சுத் தொழில். தமிழில் எழுதுகிறவர் இதை ஒரு வரியில் குறிப்பிடலாம், அதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை.) ஓவியராவதற்கு முன்பே அவர் கைத்தொழிலாளி, அதுவும் எந்திரங்களோடு பிணைந்த தொழிலின் தொழிலாளி என்பதை வாசகர் மனத்தில் பதிய வைத்துவிட்டே கப்பலேற்ற வேண்டும்.

1818இல் குடும்பம் பிலடெல்பியாவை அடைந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளைப் பெரும்பாலான குறிப்புகள் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடும். நீங்கள் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்டூபன்வில்லுக்குச் சென்றபோது கோல் பிலடெல்பியாவிலேயே தங்கி மரச்செதுக்கு வேலை செய்தார். 1819இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயிண்ட் யூஸ்டேஷியஸுக்குச் சென்று திரும்பினார். பிறகு ஸ்டூபன்வில்லுக்கு நடந்தே போய்ச் சேர்ந்து, தந்தையின் சுவர்த்தாள் தொழிலில் உதவினார். அங்கே ஊர் ஊராகச் செல்லும் ஸ்டைன் என்ற உருவப்பட ஓவியர் ஒருவரிடம் எண்ணெய் வண்ணத்தின் அடிப்படைகளைக் கற்று, தாமும் 1822இல் தூரிகையோடு கிளம்பினார். பிழைப்புக்குப் போதுமான வருமானம் வரவில்லை. 1823இல் பிட்ஸ்பர்க்கில் மரங்களை நேரில் பார்த்து வரையத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் பிலடெல்பியாவுக்குத் திரும்பி, அங்குள்ள கலைக்கழகத்தில் தொங்கிய நிலக்காட்சிகளைப் பார்த்துத் தாமாகவே கற்றுக்கொண்டார். முறையான பயிற்சி இல்லாத, கையில் காசில்லாத, மாறி மாறி ஊர் பெயர்ந்த ஓர் இளைஞர் இவர் என்பதை இந்தப் பக்கம் காட்டிவிட்டால், 1825இல் நியூயார்க்கில் நடந்தது அதிர்ஷ்டக் கதையாகத் தெரியாது.

நான்கு பத்திகள் கொண்ட ஆண்டு அட்டவணை

எழுதத் தொடங்குமுன் ஒரு பெரிய தாளில் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) வரையுங்கள். முதல் பத்தியில் அந்த ஆண்டு கோல் இருந்த இடம், இரண்டாவதில் நாட்டில் நடந்தது, மூன்றாவதில் அவர் தீட்டியது. நான்காவது பத்திதான் முக்கியம். கண்ணெதிரே இருந்தும் ஓவியத்தில் அவர் விட்டுவிட்டவற்றை அதில் குறியுங்கள்.

1825ஆம் ஆண்டின் வரிசையை எடுத்துக்கொள்வோம். அந்த அக்டோபரில் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு, ஹட்சன் ஆறு பெரும் ஏரிகளோடு இணைந்தது. அதே இலையுதிர் காலத்தில் கோல் ஹட்சன் வழியே நியூயார்க் மாநிலத்திலுள்ள கேட்ஸ்கில் மலைக்குச் சென்று வரைந்து திரும்பினார். அந்தப் பயணத்தில் பிறந்த மூன்று ஓவியங்கள் நியூயார்க் கடை ஒன்றில் தலா 25 டாலர் விலையில் வைக்கப்பட்டன. ஜான் டிரம்புல், வில்லியம் டன்லப், ஆஷர் டியூராண்ட் ஆகிய மூவரும் ஆளுக்கொன்றாக வாங்கினர். மூவருமே கலைத்துறையினர். நவம்பரில் செய்தித்தாளில் அவரைப் பற்றிய குறிப்பு வெளியாக, பெயர் பரவியது. காட்டை வணிகத்துக்குத் திறந்துவிட்ட கால்வாயும் காட்டைத் தீட்டிய ஓவியரும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் வெளிச்சத்துக்கு வந்ததை அட்டவணை தானாகவே காட்டிவிடும். ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். பிற்காலத்தில் அவரிடம் ஓவியம் வாங்கியவர்களில் வணிகத்தால் செல்வம் சேர்த்தவர்கள் பலர் இருந்தனர் என்பதை மட்டும் தயங்காமல் எழுதுங்கள்.

நான்காவது பத்திக்கு உடனே வேலை வந்துவிடும். கேட்ஸ்கில் மலைமேல் பயணிகளுக்கான பெரிய விடுதி 1824இலேயே திறக்கப்பட்டுவிட்டது. காட்டர்ஸ்கில் அருவியருகே பார்வையாளர்களுக்காகக் கைப்பிடி வேலியும் போட்டிருந்தார்கள். 1826இல் அந்த அருவியைத் தீட்டிய கோல் வேலியை நீக்கிவிட்டுப் பாறை விளிம்பில் ஒரு பூர்வகுடி மனிதரைத் தனியே நிறுத்தினார். நான்கே ஆண்டுகளில், 1830இல், பூர்வகுடிகளை அவர்களுடைய நிலங்களிலிருந்து வெளியேற்றும் சட்டம் நிறைவேறியது. ஓவியத்தில் அழகுக்காக நின்ற மனிதரின் மக்கள் உண்மையில் என்ன ஆனார்கள் என்பதை அருகிலேயே எழுதாத வாழ்க்கை வரலாறு முழுமையாகாது.

ஓர் ஓவியத்தையாவது அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்

எல்லா ஓவியங்களையும் பற்றி ஒன்றுக்கு ஒரு வரி எழுதுவதைவிட, ஒன்றை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது மேல். என் தேர்வு 1836இல் தீட்டிய ‘ஆக்ஸ்போ’. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் மலைமேலிருந்து, இடிமழை ஓய்ந்ததும் கனெக்டிகட் ஆற்றின் வளைவைக் காணும் காட்சி அது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே படத்தைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

முதலில் முழுப் படத்தையும் பாருங்கள். இடப்பக்கம் கருமேகமும் மழையும் முறிந்து முறுக்கிக்கொண்ட மரங்களுமாக இருண்டு கிடக்கிறது. வலப்பக்கம் வெயில் விழும் சமவெளியில் உழுத வயல்கள், வீடுகள், ஆங்காங்கே எழும் புகை, ஆற்றில் படகுகள். இப்போது கீழ்ப்பகுதியின் நடுவைப் பெரிதாக்குங்கள். பாறைகளுக்கிடையே தொப்பியணிந்த ஒரு சிறு உருவம் ஓவியத் தாங்கியின் முன் அமர்ந்து, தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. அது கோல்தான். சற்று வலப்புறம் பாறைமேல் அவருடைய பொருள்கள் கிடக்கின்றன. தாள்கள் வைக்கும் அட்டைப்பையில் அவருடைய கையெழுத்து இருக்கிறது, குடை ஒன்று ஆற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் காட்டின் பக்கம், முகம் திரும்பியிருப்பது நம் பக்கம். எந்தப் பக்கத்தை விரும்புகிறார் என்று ஓவியம் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதுகிறவரும் அவருக்காகத் தீர்ப்புச் சொல்லிவிடாமல், இந்த அமர்வை அப்படியே விவரிப்பது நல்லது.

பிறகு அதே ஓவியத்தின் பின்கதையைச் சேருங்கள். அப்போது அவர் ‘பேரரசின் போக்கு’ என்ற ஐந்து ஓவியங்களின் வரிசையில் மூழ்கியிருந்தார். இடையில் ஆண்டுக் கண்காட்சிக்காக இதைத் தீட்டினார். அருங்காட்சியக ஆய்வாளர்கள் அகச்சிவப்புக் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, அந்தப் பேரரசு வரிசைக்காகத் தொடங்கிய வேறொரு வரைவு இதன் அடியில் இருப்பது தெரியவந்தது. ஒரு பேரரசின் உச்சத்துக்காக விரித்த கித்தானிலேயே அமெரிக்க நிலப்பரப்பு தீட்டப்பட்டது என்னும் இச்செய்தி, கோலின் எண்ணப்போக்கை ஆயிரம் விமர்சனச் சொற்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. அந்த வரிசையின் ஐந்து ஓவியங்களிலும், உச்சியில் பாறை அமர்ந்த ஒரே மலை பின்னணியில் நிற்பதையும் தேடிப் பாருங்கள். காட்டுநிலையிலிருந்து செழிப்புக்கு உயர்ந்து, அழிந்து, இடிபாடாகும் நகரத்தின் கதையில் இடம் மாறவில்லை என்பதற்கு அந்தப் பாறைதான் சாட்சி.

இரண்டு ஓவியங்களை அருகருகே வையுங்கள்

கோல் 1834இல் அமெரிக்கக் குடிமகனானார். 1836இல் மரியா பார்ட்டோவை மணந்து, மலையருகே உள்ள கேட்ஸ்கில் என்ற ஊரிலேயே குடியமர்ந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க இயற்கைக் காட்சி பற்றிய அவருடைய கட்டுரை இதழொன்றில் வெளியானது. கோடரியின் அழிவு வேலை நாளுக்கு நாள் பெருகுவதை அதில் மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். சில வாரங்களிலேயே அவர் நேசித்த பள்ளத்தாக்கில் இருப்புப்பாதைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. அந்த வேதனையைத் தம்மை ஆதரித்த வணிகர் லூமன் ரீடுக்கு எழுதிய கடிதத்தில் கொட்டித் தீர்த்தார்.

இந்த இடத்தில் இரண்டு ஓவியங்களை ஒரே திரையில் திறந்துகொள்ளுங்கள். முதலாவது 1836–37இல் தீட்டிய கேட்ஸ்கில் ஓடையின் முன்னிலையுதிர் காலக் காட்சி. உயர்ந்த மரங்கள் சட்டம்போல் நிற்க, அவற்றினடியில் தாயும் குழந்தையும் இருக்கிறார்கள். இரண்டாவது 1843இல் தீட்டிய அதே இடம், இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. சட்டம்போல் நின்ற மரங்கள் இல்லை, முன்னால் அடிமரக் கட்டைகள் கிடக்கின்றன, கோடரியோடு ஒருவர் நிற்கிறார். நடுவே தொலைவில், கூர்ந்து பார்த்தால்தான் தெரியுமளவு சிறிதாக, வெண்புகை விட்டபடி ஒரு ரயில் ஆற்றைக் கடக்கிறது. அந்த இருப்புப்பாதையோ 1842லேயே நொடித்துக் கைவிடப்பட்டுவிட்டது. ஓடாத ரயிலை ஓடவிட்டுத் தீட்டியிருக்கிறார் என்றால், கண்ட காட்சியைப் பதிவு செய்வது மட்டும் அவர் நோக்கமாக இருந்திருக்க முடியாது. லங்காஷயரில் வளர்ந்தவருக்கு அந்தப் புகை எதன் தொடக்கம் என்று தெரிந்திருந்தது என்பது என் வாசிப்பு. இதை எழுதும்போது, இது உங்கள் வாசிப்பா அவர் கூற்றா என்பதை வாசகருக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

கடிதங்களைப் படிக்கும் முறை

ஓவியம் வாங்கியவர்களுக்கு எழுதிய கடிதங்களில் பணிவும் பிடிவாதமும் ஒருங்கே இருக்கும். பால்டிமோரைச் சேர்ந்த ராபர்ட் கில்மோர் நேரில் உள்ள காட்சிகளையே தீட்டச் சொன்னபோது, கண்டதை மட்டும் தீட்டினால் கற்பனைக்கு விலங்கிட்டதாகும் என்று 25 வயது கோல் 1826 இறுதியிலேயே மறுத்தெழுதினார். 1838இல் டியூராண்டுக்கு எழுதும்போது, அற்ப விவரங்களைக் காலம் திரையிட்டு மறைக்கும்வரை காத்திருந்தே ஓவியத்தைத் தொடங்குவதாகச் சொல்கிறார். இவ்விரு கடிதங்களையும் படித்தபின் உங்கள் அட்டவணையின் நான்காவது பத்தியை மீண்டும் பாருங்கள். அவர் விட்டுவிட்டவை மறதியால் விடுபட்டவை அல்ல என்பது புரியும்.

1829 முதல் 1832 வரையிலான ஐரோப்பியப் பயணத்தைச் சுருக்கமாகவே எழுதலாம். லண்டனில் டர்னரையும் கான்ஸ்டபிளையும் சந்தித்ததும், இத்தாலியில் ரோமானிய இடிபாடுகளைக் கண்டதும் பேரரசு வரிசைக்கு இட்டுச்சென்ற அளவில் போதும். 1844 முதல் இரண்டு ஆண்டுகள் அவரிடம் பயின்ற பிரெடெரிக் சர்ச்சுக்கும், தாமும் ஓவியராயிருந்த தங்கை சாரா கோலுக்கும் தனிப் பகுதிகள் கொடுங்கள். பலரும் சாராவின் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

கோலின் நண்பரும் மதகுருவுமான லூயி நோபிள் 1853இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைக் கடைசியில் படியுங்கள். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தாராளமாக எடுத்துத் தருவதால் அது இன்றியமையாத நூல். ஆனால் எழுதியவர் மதகுரு என்பதால் கோலின் சமயப் பற்றையே முன்னிறுத்துகிறது. முதலில் அதைப் படித்தால் உங்கள் கட்டுரை அதன் தொனியிலேயே போய்விடும்.

கோல் 1848 பிப்ரவரி 11ஆம் நாள் கேட்ஸ்கில்லில் நுரையீரல் நோயால் இறந்தார். கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட் நினைவுரை ஆற்றினார். அடுத்த ஆண்டு டியூராண்ட், கோலும் பிரையன்டும் பாறைமேல் நின்று பேசுவதாக ஓர் ஓவியம் தீட்டினார். கட்டுரையின் முகப்பில் வைக்கப் பலரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வைப்பதானால், அதில் காணும் அருவியையும் பள்ளத்தாக்கையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது, இரண்டு இடங்களை இணைத்து நண்பருக்காகத் தீட்டிய அஞ்சலி அது என்ற விளக்கத்தைப் படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.