பழைய பென்டியம் கணினியில் ரேம் கூட்டுவது எப்படி?

1997-இல் வெளிவந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் (ப்ராசசரையும் நினைவகத்தையும் இணைக்கும் சில்லுத் தொகுதி) கொண்ட மதர்போர்டுகள், பென்டியம் எம்எம்எக்ஸ் கணினிகளில் பரவலாக இடம்பெற்றன. அப்படியொன்று உங்களிடம் இருந்து, அது 16 எம்பி ரேமில் விண்டோஸ் 98-ஐ இழுக்க முடியாமல் திணறினால், ரேம் கூட்டுவதே முதல் வைத்தியம். ஆனால் எவ்வளவு கூட்டுவது என்பதை, வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

இந்தச் சிப்செட் 256 எம்பி வரை ஏற்கும் என்றாலும், மதர்போர்டிலுள்ள கேஷ் எனும் சிறிய அதிவேக நினைவகம் முதல் 64 எம்பிக்கு மட்டுமே துணைநிற்கும். விண்டோஸ் 95, 98 ஆகியவை நினைவகத்தை மேல்முனையிலிருந்தே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்குவதால், 128 எம்பி போட்ட கணினி 64 எம்பி போட்டதைவிட மெதுவாக ஓடுவதும் உண்டு. கனமான மென்பொருள் எதையும் ஓட்டும் எண்ணம் இல்லையெனில் 64 எம்பியோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

அடுத்து, ஸ்லாட்டுகளைப் பாருங்கள். சிம், டிம் என்பவை ரேம் சில்லுகள் பதித்த பலகைகளின் இரு வகைகள். 72 பின் சிம் ஒவ்வொன்றும் 32 பிட் அகலம் உடையது. பென்டியத்தின் தரவுப் பாதையோ 64 பிட். ஆகவே ஒரே அளவும் ஒரே வேகமும் கொண்ட இரண்டை இணையாகவே போட வேண்டும். 168 பின் டிம் என்றால் ஒன்றே போதும். சிம் 5 வோல்ட்டிலும் எஸ்டிரேம் வகை நினைவகம் கொண்ட டிம் 3.3 வோல்ட்டிலும் இயங்குபவை என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்துவதைத் தவிர்ப்பது நல்லது. பிற்காலத்து டிம்களில் சில்லுகளின் அடர்த்தி (ஒரு சில்லில் அடங்கும் நினைவக அளவு) இந்தச் சிப்செட்டுக்கு மீறியதாக இருந்தால், கணினி முழு அளவையும் காட்டாது, அல்லது கணினியே எழாது.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே கேபினட்டைத் திறக்க வேண்டும். பழைய ஏடி வகைக் கணினிகளில் முன்பக்கப் பொத்தானுக்கே 230 வோல்ட் நேரடியாக வரும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. கையிலுள்ள நிலைமின்சாரம் போக, கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

சிம்மை நேராக அழுத்தினால் உள்ளே போகாது. வெட்டுப்பட்ட மூலையை ஸ்லாட்டின் மேடான பக்கத்தோடு பொருத்தி, சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் "டக்" என்று பிடிக்கும்வரை மெல்ல நிமிர்த்த வேண்டும். நிமிர மறுத்தால் பலம் காட்டாதீர்கள், ஏனெனில் கொக்கிகள் பிளாஸ்டிக்காக இருந்தால் எளிதில் ஒடிந்துவிடும், அதன்பின் அந்த ஸ்லாட்டே பயன்படாமல் போகலாம். டிம்மை மட்டும் செங்குத்தாக அழுத்தலாம்.

64 எம்பி போட்டிருந்தால், கணினியை இயக்கியதும் திரையில் ஓடும் நினைவக எண்ணிக்கை 65,536 கேபி அளவில் வந்து நிற்க வேண்டும். சில பயாஸ்களில் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரல்) அதிலிருந்து 384 கேபி குறைத்துக் காட்டப்படுவது இயல்பே. அவார்டு பயாஸில் நீண்ட பீப் ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் ரேம் சரியாக அமரவில்லை என்று பொருள். கழற்றி, தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் மீண்டும் பொருத்துங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், விண்டோஸைத் தொடங்கும் முன் பிளாப்பியிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிட்டு, ஒரு பிழைகூட வரவில்லை என்று கண்ட பிறகே கேபினட்டை மூடுங்கள்.