டி அண்ட் டி-ல குதிரை மேல உக்காந்து சண்டை போடுறது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி, ஆளுக்கொரு வேஷம் எடுத்து பகடை உருட்டி ஆடுற கற்பனை கேம்) புதுசா ஆடுறவங்க குதிரை வாங்குவாங்க, ஊர் விட்டு ஊர் போக வச்சுக்குவாங்க, சண்டைன்னு வந்தா இறங்கிடுவாங்க, ரூல் குழப்பமா இருக்கும்னு ஒரு பயம். அவ்ளோ கஷ்டம்லாம் இல்லைங்க. நான் சொல்றது 2014-ல வந்த அஞ்சாவது எடிஷன் ரூல்.

முதல்ல ஏறணும். மவுண்ட், அதாவது நீங்க ஏறுற மிருகம், உங்கள விட ஒரு சைஸாவது பெருசா இருக்கணும், ஏத்திக்க அதுக்கும் சம்மதம் இருக்கணும். மனுஷனுக்கு குதிரை, ஹாஃப்லிங்னா (குட்டையான ஒரு இனம்) மாஸ்டிஃப்ங்கிற பெரிய நாய் மேலயே ஏறிக்கலாம். 5 அடிக்குள்ள நிக்கணும், ஏறவோ இறங்கவோ ஸ்பீடுல, அதாவது உங்க டர்ன்ல (உங்க முறையில) நகரக்கூடிய தூரத்துல, பாதி போயிடும், 30 அடின்னா 15. ஆக்‌ஷன் (ஒரு டர்ன்ல அடிக்கிறது மாதிரி செய்யுற முக்கிய வேலை) செலவாகாது, இத நிறைய பேரு மறந்துடுறாங்க.

அடுத்து, நீங்க ஓட்டுறீங்களா இல்ல அது இஷ்டத்துக்கு போகுதான்னு முடிவாகணும். டிராகன் மாதிரி புத்தி உள்ளது தன்னோட டர்ன்ல தானே முடிவு பண்ணிக்கும். பழக்கின குதிரைய ஓட்டுனா அதோட இனிஷியேட்டிவ் (யாருக்கு எப்போ முறைங்கிற வரிசை) உங்களோடதா மாறிடும், டாஷ் (கூடுதலா ஓடுறது), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காம விலகுறது), டாட்ஜ் (அடியில இருந்து தப்பிக்க பாக்குறது) மூணுல ஒண்ணு தான் பண்ணும், உதைக்கிறதெல்லாம் செய்யாது. ஆனா உங்க ஆக்‌ஷன் உங்ககிட்டயே பத்திரமா இருக்கு, அது தான் இதுல பெரிய லாபம்.

ஒரு ஓகர் (பெரிய உருவம் உள்ள அரக்கன்) 40 அடி தள்ளி நிக்குதுன்னு வைங்க. ரைடிங் ஹார்ஸ் ஸ்பீடு 60, டாஷ் போட்டா 120. கையில லான்ஸ்ங்கிற நீள ஈட்டி, அது 10 அடி வரைக்கும் எட்டும், குதிரை மேல இருந்தா ஒத்த கையிலயே பிடிக்கலாம். 30 அடி போங்க, குத்துங்க, மிச்ச 90 அடிய வச்சு பின்னாடி வந்துடுங்க. ஓகரோட தடி 5 அடி தான் எட்டும், நீங்க அதுக்குள்ள போகவே இல்ல, அதனால ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கும் (எட்டுற தூரத்த விட்டு விலகும்போது எதிரி அடிக்கிற அடி) கிடையாது. இப்போ 100 அடி தள்ளி இருக்கீங்க, அது 40 அடி ஓடி வந்து ஜாவெலின் (எறி ஈட்டி) எறிஞ்சாலும் டிசட்வான்டேஜ் தான், அதாவது பகடைய ரெண்டு தடவை உருட்டி குறைஞ்சத எடுக்கணும். வாள் வச்சிருந்தா கிட்ட போயே ஆகணும், அப்போ டாஷுக்கு பதிலா டிஸ்எங்கேஜ். ரொம்ப நெருங்கி 5 அடிக்குள்ள நின்னு லான்ஸால குத்துனா உங்களுக்கு தான் டிசட்வான்டேஜ். நடுவுல நிறுத்தி குத்திட்டு திரும்ப ஓடுறத சில டிஎம் (கேம நடத்துறவர்) ஒத்துக்க மாட்டாங்க, கேம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

விழுறது எப்படின்னா, குதிரைய யாராவது தள்ளி விட்டாலோ உங்களையே ப்ரோன் ஆக்கினாலோ (கீழ விழ வச்சாலோ) டிசி 10 டெக்ஸ்டெரிட்டி சேவ், அதாவது பகடை உருட்டி உங்க சுறுசுறுப்புக்கான எண்ணையும் சேத்து 10-ஆவது வரணும், வரலைன்னா கீழ விழுந்து கிடப்பீங்க. குதிரையே விழுந்துட்டா ரியாக்‌ஷன் (ஏதாவது நடந்தா உடனே பதிலுக்கு செய்யுற ஒரு செயல்) செலவு பண்ணி குதிச்சு கால்ல நிக்கலாம், அதனால ரியாக்‌ஷன வேற எதுக்கும் வீணாக்காதீங்க.

கடைசியா குதிரையோட உயிர். டிஸ்எங்கேஜ் போடாம எதிரி கைக்கு எட்டுற இடத்துல இருந்து விலகுனா, அவன் உங்களையும் அடிக்கலாம் குதிரையையும் அடிக்கலாம், அவன் இஷ்டம். ரைடிங் ஹார்ஸுக்கு ஹெச்பி (உயிர் புள்ளி) 13, ஓகர் ஒரு தடவை அடிச்சா சராசரியா அதே 13 போயிடும். ஃபயர்பால்ங்கிற நெருப்பு மந்திரம் சராசரி 28, சேவ் பண்ணி பாதி வாங்குனாலும் 14, முடிஞ்சுது. 75 தங்கத்துக்கு கிடைக்குதேன்னு ரைடிங் ஹார்ஸ வாங்காம, 400 சேர்த்து 19 ஹெச்பி உள்ள வார்ஹார்ஸ் (போர்க்குதிரை) வாங்குங்க, அதே பாதி ஃபயர்பால்ல அது நின்னுடும்.