நேவிகேஷனுக்காகப் பெரிய டச்ஸ்கிரீன் தேவையா?

கார் வாங்கும்போது "நேவிகேஷன் உள்ள டச்ஸ்கிரீன் போட்டுவிடலாமா?" என்று கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். சாதாரண ஸ்கிரீனிலேயே ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்பிளேயோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் போனில் உள்ள மேப் அங்கேயே வந்துவிடும்; நெரிசல், மூடிய சாலை எல்லாம் அவ்வப்போது தெரியும். காரோடு வரும் மேப்பை அப்டேட் செய்யாமல் விட்டால், நீங்கள் புது மேம்பாலத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், ஸ்கிரீனில் உங்கள் கார் வயலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்! அப்டேட் எத்தனை வருஷம் இலவசம், அப்புறம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காகக் காரோடு வரும் நேவிகேஷன் வீண் என்றில்லை. மேப் காரிலேயே பதிந்திருந்தால் சிக்னல் கிடைக்காத மலைப்பாதையிலும் வழி காட்டும். சில கார்களில் சக்கரம் சுழலும் வேகத்தையும் வண்டி திரும்புவதையும் வைத்துக் கணக்குப் போடுவதால், ஜிபிஎஸ் எட்டாத சுரங்கப்பாதைக்குள்ளும் அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருக்கும். அடிக்கடி அப்படிப்பட்ட வழியில் போகிறவர் என்றால் சரி, வாங்கலாம். எப்போதாவது போகிறவருக்கு, கிளம்பும் முன் வைஃபையில் ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொண்டாலே போதும்.

பழைய காரில் ஸ்கிரீனை மாற்றுவதானால், ஸ்டீயரிங் பட்டனும் ரிவர்ஸ் கேமராவும் புதியதில் வேலை செய்யுமா என்று ஒயரைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.